ஆஷ்வில் தெருக்களில் பிடிலும் பேன்ஜோவும்: நான்கு நாள் குறிப்புகள்

வியாழன் – ஷெல்பி வழியாக ஆஷ்வில்

வட கரோலினாவின் மேற்கு மலைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 2,100 அடி உயரத்தில் இருக்கிறது ஆஷ்வில். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 94,589. அமெரிக்கத் தெரு இசை என்றதும் பலரும் நியூ ஆர்லியன்ஸுக்கு டிக்கெட் போடுகிறார்கள். பித்தளை வாத்தியங்கள் வேண்டுமானால் அங்கே போகலாம். பிடிலும் பேன்ஜோவும் (தோல் மூடிய வட்ட உடலும் நீண்ட தண்டும் உள்ள தந்தி வாத்தியம்) வைத்து வாசிக்கும் மலைநாட்டுப் பழைய மெட்டுகளைக் கேட்க இங்கேதான் வரவேண்டும்.

சார்லட்டிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் சொச்சம். யு.எஸ். 74 சாலையைப் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஷெல்பி வரும். அங்கே அவசியம் நிறுத்துங்கள். ஊர் நடுவில் 1907இல் கட்டிய பழைய நீதிமன்றக் கட்டடத்தில் 2014 முதல் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் மையம் இயங்குகிறது. ஸ்க்ரக்ஸ் 1924இல் இதே மாவட்டத்தில் பிறந்தவர். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் (தந்தி மீட்டும் நகம் போன்ற துண்டு) மாட்டிக்கொண்டு பேன்ஜோவை வாசிக்கும் முறையை உலகமே கேட்கும்படி செய்தவர் அவர். 1945 டிசம்பரில் மேண்டலின் கலைஞர் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்தார். இன்று ப்ளூகிராஸ் என்று நாம் கேட்கும் ஓசை அதற்குப் பிறகு உருவானது.

ஆஷ்வில் போகிறவர்கள் ஷெல்பியில் ஏன் இறங்கவேண்டும் என்றால், தெருவில் கேட்கப்போவது இரண்டு வேறு இசைகள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். பேன்ஜோக்காரரின் வலது கையைக் கவனித்தால் பிரித்துவிடலாம். விரல்கள் தந்தியை மேல்நோக்கி மீட்டினால், அதுவும் விரலில் உலோக பிக் மின்னினால், ப்ளூகிராஸ். கை பாதி மூடிய நிலையில், நகத்தின் பின்பக்கம் தந்தியின் மேல் கீழ்நோக்கி விழுந்தால் ‘க்ளாஹேமர்’. அதாவது ஓல்டு டைம். வித்தியாசம் கையோடு நிற்பதில்லை. ப்ளூகிராஸில் ஒவ்வொருவராகத் தனி ஆவர்த்தனம் எடுப்பார்கள், மற்றவர்கள் அடக்கி வாசிப்பார்கள். ஓல்டு டைமில் தனியாக யாரும் துருத்திக்கொண்டு வருவதில்லை. பிடில் மெட்டை எடுத்துக் கொடுக்க, எல்லோரும் அதே மெட்டை ஒன்றாக வாசிப்பார்கள். அது ஆட்டத்துக்கான இசை. ஆடுபவர்களுக்குத் தனி ஆவர்த்தனம் தேவையில்லை, தாளம் நிற்காமல் ஓடினால் போதும்.

ஷெல்பியிலிருந்து மலையேறி ஆஷ்வில் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். பேட்டன் அவென்யூவில் ‘ஜாக் ஆஃப் த வுட்’ என்று ஒரு மதுக்கூடம் இருக்கிறது. பல ஆண்டுகளாக அங்கே இசைஞர்கள் வட்டமாக உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கிறார்கள்: புதன்கிழமை ஓல்டு டைம் வட்டம், வியாழக்கிழமை ப்ளூகிராஸ் வட்டம். போகும் வாரம் நடக்கிறதா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பில் மன்றோவின் முதல் குழு 1939இல் சில மாதங்கள் வாசித்தது இந்த ஊரின் டபிள்யூ.டபிள்யூ.என்.சி. வானொலியில்தான். அதனால் ப்ளூகிராஸ் இங்கே வந்தேறி இல்லை.

வாத்தியம் எடுத்துப் போகிறவர்களுக்கு: நேராகப் போய் உள்வட்டத்தில் உட்காராதீர்கள். வெளிவட்டத்தில் நின்று இரண்டு மூன்று மெட்டுகள் கேளுங்கள், அவர்களே கூப்பிடுவார்கள். ஏற்கெனவே ஒரு கிட்டார் இருந்தால் உங்கள் கிட்டார் பெட்டியிலேயே இருக்கட்டும். இந்த மெட்டுகளுக்கு எழுதிவைத்த கார்டு (ஒரே நேரத்தில் சேர்த்து மீட்டும் ஸ்வரக்கூட்டு) கிடையாது, ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம். இரண்டு கிட்டார் இரண்டு விதமாகக் கார்டு போட்டால் பிடில்காரர் முகம் சுருங்குவதை அறையின் மறுகோடியிலிருந்தே பார்க்கலாம்.

வெள்ளி – ஹேவுட் தெரு, வால் தெரு

வால் தெருவில் உள்ள மாநகராட்சி வாகன நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டால் நாள் முழுக்க நடைதான். ஹேவுட் தெரு, பேட்டரி பார்க் அவென்யூ, வால் தெரு மூன்றும் பத்து நிமிடத்தில் சுற்றி வரக்கூடியவை. தெருப் பாடகர்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றுக்குள்தான் இருப்பார்கள். முக்கியமான இடம் 1926இல் கட்டிய ஃப்ளாட்அயர்ன் கட்டடத்தருகே வைத்திருக்கும் ராட்சத இஸ்திரிப்பெட்டிச் சிற்பம். அடுத்தது ஹேவுட் தெருவில் பழைய உல்வொர்த் கடை இருந்த கட்டடத்தின் வாசல்.

அதே ஹேவுட் தெருவில் இன்னும் கொஞ்சம் மேலே போனால் பழைய வாண்டர்பில்ட் ஹோட்டல் கட்டடம் வரும். இப்போது அது அடுக்குமாடிக் குடியிருப்பு. 1925 ஆகஸ்டில் ஓகே ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் ரால்ஃப் பியர் இங்கே தற்காலிக ஒலிப்பதிவுக் கூடம் அமைத்து மலைநாட்டு இசைஞர்களைப் பதிவு செய்தார். வந்தவர்களில் எர்னஸ்ட் ஸ்டோன்மேன், பாஸ்கம் லமார் லன்ஸ்ஃபோர்ட் இருவரும் உண்டு. அமெரிக்க ‘கன்ட்ரி’ இசையின் தொடக்கம் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்லும் பிரிஸ்டல் பதிவுகள் நடந்தது 1927இல்தான். இரண்டு வருடம் முந்திக்கொண்டும் ஆஷ்விலுக்கு அந்தப் பெயர் கிடைக்கவில்லை.

இசைஞர்கள் இடம் பிடிப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் செங்கல் சுவர் வேண்டும், அது ஒலியைத் தெருப்பக்கம் திருப்பி அனுப்பும். தலைக்கு மேல் கடையின் சாய்ப்பு இருந்தால் இன்னும் நல்லது, மழைக்கும் ஆகும். சிக்னல் பக்கத்தில் நிற்கமாட்டார்கள். பஸ் நின்று கிளம்பும் உறுமல் கிட்டாரின் அடித்தந்திகள் ஒலிக்கும் அதே கீழ்ஸ்தாயியில் வருவதால் கிட்டார் காணாமல் போய்விடும். பேன்ஜோவுக்கு அந்தக் கவலை இல்லை, அரை பர்லாங் தூரம் கேட்கும். அதனால்தான் மூவர் குழுவில் கிட்டார் சுவரை ஒட்டியும் பேன்ஜோ ஓரமாகவும் நிற்பதைப் பார்ப்பீர்கள்.

தெருவில் வாசிக்க இங்கே உரிமச் சீட்டு வேண்டியதில்லை. நடப்பவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் வழி விடவேண்டும், கடை வாசலை அடைக்கக்கூடாது. நெரிசலான மூலைகளுக்கு மாநகராட்சி அவ்வப்போது தனி விதிகள் போடும், வாசிக்க வருகிறவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மற்றபடி ஓட்டுவது இசைஞர்களுக்குள் இருக்கும் வழக்கம்: முதலில் வந்தவருக்கு இடம், வேறு யாராவது காத்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் எழுந்து கொடுக்கவேண்டும், பக்கத்துக் குழுவின் ஒலி எட்டும் தூரத்தில் பெட்டியைத் திறக்கக்கூடாது.

‘வாளி பாஸ்’ என்ற கீழ்ஸ்தாயி வாத்தியம் கண்ணில் பட்டால் கிட்டே போய்ப் பாருங்கள். துத்தநாகம் பூசிய பெரிய துணி துவைக்கும் தொட்டி, கவிழ்த்து வைத்திருக்கும். அடிப்பாகத்தின் நடுவில் துளைபோட்டு வளையம் வைத்த ஒரு போல்ட்டு. அதிலிருந்து ஒரு கயிறு மேலே போய் விளக்குமாற்றுக் கம்பின் நுனியில் கட்டியிருக்கும். கம்பின் கீழ்முனையில் வெட்டிய பள்ளம் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும். கம்பைப் பின்னால் சாய்த்தால் கயிறு இறுகி ஸ்தாயி ஏறும், முன்னால் விட்டால் இறங்கும். ஃப்ரெட் (தண்டின் குறுக்கே ஸ்வரம் பிரிக்கும் கம்பி) இல்லை, குறி இல்லை, எல்லாம் காதுதான். தொட்டி தரையில் முழுதாகப் படிந்தால் ஓசை உள்ளேயே அடைபட்டுப்போகும். அதனால் ஒரு பக்கம் சின்ன மரக்கட்டை வைத்து ஓரிரு அங்குலம் தூக்கி, மறுபக்கத்தைக் காலால் மிதித்துக்கொள்வார்கள். தகராறு பெரும்பாலும் கயிற்றில் வரும். பருத்திக் கயிறு ஈரக்காற்றில் தொய்ந்து, பாதிப் பாட்டில் சுருதி இறங்கிவிடும். புல் வெட்டும் எந்திரத்தின் நைலான் நரம்பைக் கட்டினால் தொய்யாது, ஆனால் விரலைக் கிழிக்கும். தோல் கையுறை போட்டவரைப் பார்த்தால் நைலான் கட்சி என்று தெரிந்துகொள்ளலாம்.

கரண்டிக்காரர்களும் இங்கே பிரசித்தம். இரண்டு தேக்கரண்டிகளை முதுகோடு முதுகு வைத்து, காம்புகளுக்கு நடுவே ஆள்காட்டி விரலைக் கொடுத்துப் பிடிக்கவேண்டும். நடுவே விரலளவு இடைவெளி இல்லாவிட்டால் ‘டக்’ என்று செத்த ஓசைதான் வரும். தொடையில் ஒரு அடி, மேலே விரித்த மற்றக் கையில் ஒரு அடி. இந்த இரண்டுக்கும் நடுவே விரல்களின் மேல் வழித்து இறக்கும் உருட்டலில்தான் ஆள் தேறுகிறாரா என்று தெரியும்.

ஒரு மெட்டு எவ்வளவு நேரம் ஓடும்? அமைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாம் பகுதி இரண்டு முறை. ஆட்ட வேகத்தில் ஒரு சுற்று அரை நிமிடம் சொச்சம். தெருவில் நான்கைந்து சுற்றோடு, மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுவார்கள். நடந்துபோகிறவர் நின்று, கேட்டு, பெட்டியில் காசு போட்டுவிட்டு நகர அவ்வளவு நேரம் சரியாக இருக்கும். அதே மெட்டு மதுக்கூட வட்டத்தில் பதினைந்து இருபது சுற்று போகும். ஏழாவது எட்டாவது சுற்றில்தான் பிடிலின் வில்லும் பேன்ஜோவின் கட்டைவிரலும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். தெருவில் மட்டும் கேட்டுவிட்டு ‘எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது’ என்று ஊர் திரும்புகிறவர்கள் அந்த எட்டாவது சுற்று வரை கேட்காதவர்கள். முடிவு எப்படித் தெரியும் என்றால், மெட்டைத் தொடங்கியவர் கடைசிச் சுற்றில் ஒரு காலைத் தூக்குவார். எல்லோரும் ஒன்றாக நிறுத்துவார்கள்.

காசு விஷயம். ஒரு மெட்டை முழுசாக நின்று கேட்டால் ஒன்றிரண்டு டாலர், வீடியோ எடுத்தால் ஐந்து டாலராவது போடுங்கள். பெட்டியில் ஏற்கெனவே கிடக்கும் நோட்டுகளைப் பார்த்து நல்ல வசூல் என்று நினைக்கவேண்டாம். காலிப் பெட்டியில் யாரும் போடமாட்டார்கள் என்பதால் முதல் சில நோட்டுகளை அவர்களே போட்டு வைப்பது வழக்கம், பெரிய நோட்டு விழுந்தால் உடனே எடுத்துவிடுவதும் வழக்கம். கியூஆர் அட்டை இப்போது எல்லோரிடமும் இருக்கிறது. ஆனாலும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், மலைக்காற்றில் போன் நெட்வொர்க்கை நம்ப முடியாது.

சாப்பாட்டுக்கு ‘சாய் பானி’. 2009இல் தொடங்கிய இந்தியத் தெருவோர உணவுக் கடை, 2022இல் ஜேம்ஸ் பியர்ட் அறக்கட்டளையின் மிகச் சிறந்த உணவகத்துக்கான விருது வாங்கியது. சைவர்கள் கவலைப்படவேண்டாம், வரிசைக்குத் தயாராக இருந்தால் போதும்.

வெள்ளி மாலை ப்ரிட்சார்டு பூங்காவில் மேள வட்டம் கூடும். யார் வேண்டுமானாலும் எந்தத் தோல்கருவியோடும் உட்காரலாம், பறையோடு போனாலும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் பூங்காவுக்கு எதிரே பிடில் தேடாதீர்கள். இத்தனை மேளத்துக்கு முன்னால் மூன்று பேர் குழு எடுபடாது, அவர்கள் ஹேவுட் தெருவின் மேல்கோடிக்குப் போய்விட்டிருப்பார்கள்.

சனி – சுருதியும் ஷிண்டிக்கும்

காலையில் கூட்டம் இருக்காது. சுருதி சேர்ப்பதைப் பார்க்க அதுதான் நல்ல நேரம், இந்த இசையின் பாதி ரகசியம் அதில் இருக்கிறது. பிடிலின் வழக்கமான சுருதி, மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில், அடித்தந்தியிலிருந்து ஜி, டி, ஏ, இ. ஏ சுருதி மெட்டுகளுக்கு இவர்கள் கீழ்த்தந்திகள் இரண்டையும் ஏற்றி ஏ, இ, ஏ, இ என்று வைத்துக்கொள்வார்கள். நம் காதுக்கு இது ச–ப–ச–ப. கர்நாடக வயலினில் தந்திகளுக்குள் இருக்கும் அதே இடைவெளிகள். எந்தக் கட்டையில் வைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. வில்லை ஒரே தந்தியில் ஓட்டாமல் பக்கத்துத் தந்தியையும் சேர்த்து இழுத்தால் ஆதாரம் கூடவே ஒலிக்கும். தனியாக ஒருவர் நின்றாலும் இரண்டு பேர் வாசிப்பதுபோல் தெருவில் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

பேன்ஜோவில் ஐந்தாவது தந்தி குட்டையானது. அதன் பிருடை தண்டின் பக்கவாட்டில் ஐந்தாவது ஃப்ரெட் அருகே இருக்கும். அந்தத் தந்தியில் மெட்டு வாசிப்பதில்லை, கட்டைவிரல் திரும்பத் திரும்ப அதைத் தட்டிக்கொண்டே இருக்கும். நாகஸ்வரத்துக்கு ஒத்து போல. பேன்ஜோவின் மூதாதை ஆப்பிரிக்க அடிமைகளோடு கடல்கடந்து வந்தது, இந்தக் குட்டைத் தந்தியும் மேற்கு ஆப்பிரிக்க வாத்தியங்களில் இருப்பதுதான். ஜி–யிலிருந்து ஏ–வுக்குப் போகும்போது மற்ற நான்கு தந்திகளுக்கும் இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டிவிடலாம். ஐந்தாவதற்குக் கேப்போ எட்டாது. அதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு: பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் குட்டி ஆணியை ஏழாவது ஃப்ரெட்டை ஒட்டி விரல்பலகையில் இறக்கிவிடுவார்கள். தந்தியை அதன் அடியில் மாட்டினால் ஒரு முழு ஸ்வரம் ஏறிவிடும். கிட்டே போய்ப் பார்த்தால் சாரைப்பாம்பின் பல் அளவுக்கு ஒரு ஆணி தெரியும். ஆணி சற்றே உயர்ந்து நின்றால் தந்தி இரையும், அதிகம் இறங்கினால் தந்தியை உள்ளே நுழைக்க முடியாது.

இத்தனை மாற்றவேண்டியிருப்பதால் ஒரு சுருதியில் உட்கார்ந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு அதிலேயே ஓட்டுவார்கள். ஏ–வில் ஓடும்போது ஜி மெட்டு ஒன்றைக் கேட்டு விண்ணப்பம் போட்டால் புன்னகை மட்டும் கிடைக்கும்.

கோடையில் இங்கே பிற்பகல் இடிமழை சாதாரணம். பழைய பேன்ஜோக்களில் கன்றுத்தோல் மூடியிருக்கும், மழைக்காற்று பட்டால் தொய்ந்து குதிரை (தந்திகளைத் தாங்கும் கட்டை) இறங்கி, தந்திகள் ஃப்ரெட்டில் மோதி இரையும். 1950களின் கடைசியில் பிளாஸ்டிக் தோல் வந்தபிறகு தெருவில் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு மாறிவிட்டார்கள். பிடிலுக்கு மழையைவிட வெயில் மோசம். பலகைகளை ஒட்டியிருப்பது வஜ்ஜிரம். வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் சூடு 60 டிகிரி செல்சியஸை எட்டினால் வஜ்ஜிரம் இளகி, தந்தியின் இழுப்பில் தண்டே சாயும். வாத்தியத்தோடு வருகிறவர்கள் சாப்பிடப் போகும்போது பெட்டியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், கார் டிக்கியில் விடவேண்டாம். க்ளாஹேமர்காரர்களுக்கு நகம் உடைவது இன்னொரு தொல்லை. சிலர் அழகு நிலையத்தில் அக்ரிலிக் நகம் வைத்துக்கொள்கிறார்கள், சிலர் பிங்பாங் பந்தை நகவடிவில் வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள். பந்து மலிவு, ஓசையும் மோசமில்லை.

மாலை ஏழு மணிக்கு பேக் ஸ்கொயர் பூங்கா. 1967 முதல் கோடைச் சனிக்கிழமைகளில் நடக்கும் ‘ஷிண்டிக் ஆன் த கிரீன்’. நுழைவு இலவசம். மடக்கு நாற்காலி எடுத்துப் போங்கள், மேடையைப் பார்த்துப் போட்டுவிட்டு நாற்காலியை அங்கேயே விட்டு எழுந்துவிடுங்கள். விஷயம் மேடையில் இல்லை. பூங்காவின் ஓரங்களில், மரத்தடிகளில், ஐந்தாறு பேர் கூடிய வட்டங்கள் தனித்தனியே வாசித்துக்கொண்டிருக்கும். பகலில் பெட்டி திறந்து வைத்தவர்களில் சிலர் இங்கே பெட்டியை மூடி வைத்துவிட்டு வாசிப்பார்கள். நேற்று தெருவில் மூன்று நிமிடத்தில் முடிந்த மெட்டை முழு நீளத்தில் கேட்க இதைவிட வசதியான இடம் கிடையாது. மேடையிலும் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள்: க்ளாகிங் ஆட்டக்குழுக்கள். காலணியின் முன்னும் பின்னும் உலோகத் தகடு, ஒவ்வொரு தகட்டின் மேலும் தொளதொளவென்று இன்னொரு தகடு. ஒரு மிதிக்கு இரண்டு ஓசை கேட்பது அதனால்தான். தெருவில் தனியாக ஆடுகிறவர்கள் தோல் அடிப்பாகக் காலணியோடு முக்கால் அங்குல ஒட்டுப்பலகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிமெண்டில் ஆடினால் ஓசையும் வராது, முழங்காலும் போய்விடும்.

இதற்கெல்லாம் மூலவர் நேற்று சொன்ன லன்ஸ்ஃபோர்ட். வக்கீல்; ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தவர். 1928இல் இங்கே அவர் தொடங்கிய ‘மவுண்டன் டான்ஸ் அண்ட் ஃபோக் ஃபெஸ்டிவல்’ இன்றும் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கிறது. பீட் சீகர் ஐந்து தந்தி பேன்ஜோவை முதலில் கேட்டு மயங்கியது 1930களின் நடுவில் லன்ஸ்ஃபோர்ட் நடத்திய விழாவில்தான். ஆகஸ்ட் விழா நடக்கும் வாரக் கடைசியில் ஷிண்டிக் இருக்காது, தேதி பார்த்துத் திட்டமிடுங்கள்.

இன்னொன்று. 2024 செப்டம்பர் 27 அன்று ஹெலீன் புயல் மழையில் ஃப்ரெஞ்ச் பிராட், ஸ்வானனோவா ஆறுகள் கரைபுரண்டு ஆற்றங்கரைக் கலைக்கூடங்களும் பில்ட்மோர் வில்லேஜும் மூழ்கின. நகர மையம் மேட்டில் இருப்பதால் வெள்ளத்திலிருந்து தப்பியது, ஆனால் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததென்று அறிவிப்பு வர நவம்பர் 18 ஆனது. அதுவரை சுற்றுலாவே படுத்துவிட்டது, தெருவில் வாசிப்பவர்களுக்கு வேறு சம்பளம் கிடையாது. பெட்டியில் போடும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

ஞாயிறு – பூன், பிறகு வீடு

ஆஷ்விலிலிருந்து பூன் போக ப்ளூ ரிட்ஜ் பார்க்வே அழகான வழி. புயலுக்குப் பிறகு பல பகுதிகள் மூடிக் கிடந்ததால் கிளம்பும் முன் தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் பாருங்கள். அவசரமென்றால் 40ஆம் எண் நெடுஞ்சாலையில் மேரியன் வரை போய் யு.எஸ். 221இல் ஏறிவிடலாம்.

பூனின் கிங் தெருவில் ஒரு பெஞ்சு, அதில் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கும் கிட்டார் கலைஞர் டாக் வாட்சனின் வெண்கலச் சிலை. 2011இல், அவர் உயிரோடிருக்கும்போதே வைத்தது. குழந்தையிலேயே பார்வை இழந்த வாட்சன் குடும்பம் நடத்த வாசித்த இடங்களில் இந்தத் தெருவும் ஒன்று. 1950களில் ஆட்டக்குழு ஒன்றில் சேர்ந்தபோது அதில் பிடில் ஆள் இல்லை. பிடில் மெட்டுகளை எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒற்றை பிக்கால் வாசித்துச் சமாளித்தார். இன்று உலகம் முழுக்க கிட்டார் மாணவர்கள் மல்லுக்கட்டும் ஃப்ளாட்பிக்கிங் முறைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. சிலையின் பலகையில் தான் மக்களில் ஒருவன் மட்டுமே என்று எழுதினால்தான் ஆச்சு என்று அவரே சொல்லிவிட்டார், அப்படியே எழுதியிருக்கிறார்கள். சிலைக்குப் பக்கத்தில் உட்கார இடம் விட்டிருக்கிறார்கள். யாராவது கிட்டாரோடு அங்கே உட்கார்ந்திருந்தால் படம் எடுக்க எழுந்திருக்கச் சொல்லாதீர்கள். அவர் வாசிக்க உட்கார்ந்திருக்கிறார்.

அதே தெருவில் ஜோன்ஸ் ஹவுஸ் என்ற பழைய வீடு, இப்போது ஊர்ப் பொதுச்சொத்து. கோடை வெள்ளிக்கிழமைகளில் அதன் புல்வெளியில் இலவசக் கச்சேரிகள் நடக்கும், ஆனால் ஞாயிறு வந்தால் வெறும் திண்ணைதான். இந்தப் பயணத்தைப் புதன் முதல் சனி வரை வைத்துக்கொண்டால் ஓல்டு டைம் வட்டமும் கிடைக்கும், ஷிண்டிக்கும் கிடைக்கும், பூன் ஊரை இன்னொரு வெள்ளிக்கு ஒத்திப்போடலாம். ஊர் திரும்ப யு.எஸ். 321. ப்ளோயிங் ராக் தாண்டியதும் செங்குத்தான இறக்கம், கியரைக் குறைத்துப் போங்கள். கீழே லெனோயர் வரும். வாட்சன் தெருவில் வாசித்த இன்னொரு ஊர் அது. ஹிக்கரி வழியாக சார்லட் சேர மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகும்.